கீரைக்காரி சொல்லிவிட்டுப் போனது

முதலில் இடது கால். வரப்பின் முனையில் கிடக்கும் உடைந்த சிமென்ட் குழாயின் மேல் உட்கார்ந்து, நீல டிரம்மிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, தேங்காய் நாரால் குதிகாலைத் தேய்க்கிறாள் ஞானாம்பாள். விரல் இடுக்கு, நகக்கண், கணுக்காலுக்குக் கீழே இருக்கிற மடிப்பு, எதையும் விடுவதில்லை. பிறகு வலது கால். கழுவிய தண்ணீர் பாதைப் பக்கம் ஓடிவிடாதபடி வயலுக்குள்ளேயே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறாள். புடவைக்கு மேல் போட்டிருந்த கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைக் கழற்றி, உதறாமல், மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைக்கிறாள். வயலுக்கென்று ஒரு ரப்பர் செருப்பு உண்டு. அது வேலிக் குச்சியில் தொங்கும். வேறொரு ஜோடியை மாட்டிக்கொண்ட பிறகுதான் பாதையில் கால் வைப்பாள்.

"இந்த மண்ணு இங்கியே இருக்கணும். என் கூட வூட்டுக்கு வரக் கூடாது, தெரிஞ்சுக்கோ" என்பாள்.

எதைச் சொன்னாலும் கடைசியில் 'தெரிஞ்சுக்கோ' என்று ஒன்றைச் சேர்ப்பது அவள் வழக்கம். நாளைக்கு மழை வரும், தெரிஞ்சுக்கோ. பஸ்ஸு போயிடுச்சு, தெரிஞ்சுக்கோ. வயது நாற்பத்தெட்டு. ஆள் குள்ளம். டிவிஎஸ் வண்டியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது என்பதால், நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கட்டைவிரல் நுனியை மட்டும் ஊன்றி நிற்பாள். வண்டி விழுந்துவிடும் என்று பார்க்கிறவர்கள்தான் பயப்படுவார்கள். இருபது வருஷத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

மரக்காணத்தில் உப்பளங்கள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் அவளுக்கு முக்கால் ஏக்கர். கணவன் சுப்ராயன் உப்பளத்தில் உப்பை வாரிக் குவிக்கும் வாருபலகை தள்ளுகிறவன். வெள்ளையையே பார்த்துப் பார்த்து எப்போதும் சிவந்திருக்கும் கண்கள், பேச்சு குறைவு. கீரை முழுக்க அவள் பொறுப்பு. சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி. விடிந்ததும் ஈரச் சாக்கில் சுற்றிய கட்டுகளோடு கிளம்பினால் நாற்பத்து மூன்று வீடு. 'கீரை' என்று கூவமாட்டாள். வாசலில் நின்று அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "அம்மாவ வரச் சொல்லு" என்பாள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வாய்ப்புண், எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேட்டதைக் கொடுக்கமாட்டாள், இன்றைக்கு இதுதான் உனக்கு என்று அவளே எடுத்து நீட்டுவாள்.

அந்த நிலத்தை அவள் ஒருமுறை சாகும் நிலையிலிருந்து மீட்டிருக்கிறாள். 'தானே' புயலில் உப்புத் தண்ணீர் ஏறி, வடிந்த பிறகு வயல் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. மூன்று மழைக்காலம் வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கினாள், வடித்தாள். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதாள். உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க அவளிடம் இருந்த கருவி நாக்கு ஒன்றுதான். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நுனி நாக்கில் வைப்பாள், கொஞ்ச நேரம் கண்ணை மூடுவாள், துப்புவாள். உப்பு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பக்கத்து நிலம் கன்னியப்பனுடையது. மேட்டுப் பக்கம். அதன் ஓரத்தில் வெளியூர் ஆட்கள் சிலர் வாடகைக்கு எடுத்துத் தகரக் கொட்டகை போட்டார்கள். லாரியிலும் இன்வெர்ட்டரிலும் ஓய்ந்துபோன பழைய பேட்டரிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கோடாலியால் உடைத்தார்கள். உள்ளே இருந்த அமிலத்தைத் தரையில் ஊற்றினார்கள். தகடுகளைக் குழியில் போட்டு உருக்கிக் கட்டியாக்கி எடுத்துப் போனார்கள். புகை தொண்டையில் இனிப்பாக ஒட்டும். மூன்று வருஷம் நடந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் தகரத்தைக்கூடப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கரிய குழிகளும் நொறுங்கிய பிளாஸ்டிக் பெட்டிகளும்தான் மிச்சம். மழை வந்தது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வடிந்தது. கன்னியப்பனின் கன்றுக்குட்டி ஒன்று சுற்றிச் சுற்றி நடந்து, வேலியில் முட்டிச் செத்தது. பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கும் என்றார்கள்.

கீரை மட்டும் வாடவில்லை. கொட்டகையை ஒட்டிய பாத்தியில் முளைக்கீரை முழங்கால் உயரம் நின்றது. அதைத்தான் அவள் தனக்கு வேண்டிய வீடுகளுக்கென்று ஒதுக்கி வைப்பாள்.

அனுஷியா என்ற பெண் வந்தது போன வருஷம் தை மாதம். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். உப்பளத்திலிருந்து மேற்கே நாற்பது இடத்தில் மண் எடுத்துக்கொண்டு போனாள். அவள் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளிப் பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானாம்பாள், தானும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, "உப்பு இல்ல, தெரிஞ்சுக்கோ. இதுக்குப் போயி எதுக்குப் பொட்டலம் கட்டுற?" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது சிரிக்கவில்லை.

"யக்கா, உங்க மண்ணுல ஈயம் இருக்குது. பேட்டரித் தகட்டுல இருக்குமே, அது."

"எவ்ளோ?"

"இருக்க வேண்டியதவிடப் பல மடங்கு. கொட்டக பக்கத்துப் பாத்தியில இன்னும் ஜாஸ்தி. கீரையிலயும் ஏறியிருக்குது."

ஞானாம்பாளின் கை தானாகத் தாழ்ந்து மண்ணைக் கிள்ளியது. அனுஷியா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாயில வைக்காதீங்க."

கையில் இருந்த மண்ணை ஞானாம்பாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அலசினா போவாதா?"

"எலை மேல ஒட்டுன தூசி போவும். உள்ள ஏறுனது போவாது. வேக வச்சாலும் போவாது."

"உப்பு மூணு மழையில போச்சு. இது எத்தன மழையில போவும்?"

"இது போவாதுக்கா. மக்காது, கரைஞ்சும் ஓடாது. நாம இல்லாமப் போனப்புறமும் நூறு வருஷம், எறநூறு வருஷம், மேலாப்புல இந்த அரை அடி மண்ணுலதான் இருக்கும்."

ஞானாம்பாள் நிமிர்ந்து வயலைப் பார்த்தாள். பத்து மணி வெயில். கீரை இலைகளில் காலையில் தெளித்த தண்ணீர் இன்னும் முழுக்கக் காயவில்லை. வேலிக் குச்சியின் மேல் கரிச்சான் குருவி உட்கார்ந்து வாலை அசைத்துக்கொண்டிருந்தது. நேற்றுப் பார்த்த வயல்தான். இவ்வளவு அமைதியாக, இவ்வளவு பச்சையாக, ஒரு விஷயம் காலடியில் படுத்துக்கொண்டு, தான் செத்து, தன் பேரன் செத்து, அவன் பேரனும் செத்த பிறகும் அப்படியே படுத்திருக்கப் போகிறது. புயலைப் பார்த்தவள் அவள். கடல் எழுந்து வந்ததைப் பார்த்தவள். அவை இரண்டும் வந்தன, வடிந்து போயின.

"உப்புன்னா நாக்கு சொல்லும். காஞ்சா வெள்ளையா பூக்கும். இது ஒண்ணுமே சொல்லலியேம்மா."

பிறகு கேட்டாள்: "சாப்ட்டா என்னா ஆவும்?"

அனுஷியா மறைக்கவில்லை. பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு. குழந்தைகளுக்குத்தான் அதிகம் ஆகாது. ரத்தம் குறையும், வயிறு வலிக்கும், மூளை வளர்கிற வேகத்தில் கை வைக்கும். ஜுரம் மாதிரி தெரியாது. பிள்ளை மந்தம், பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்துவிடுவார்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சேர்த்தாள். "என் ரிப்போர்ட்ல உங்க பேரு வராதுக்கா. எடத்துக்கு ஒரு நம்பர்தான். உங்களுது பதினாலு."

சாயங்காலம் கன்னியப்பன் வந்தான். அவனுக்கு நாற்பது வயது. அவளைக் கூடப்பிறந்தவள் போல நினைக்கிறவன். "நம்பருதான போட்டிருக்காங்க? பதினாலுன்னா யாருன்னு யாருக்குக்கா தெரியப் போவுது? கீரைய நிறுத்திட்டுப் பேசாம வேற எதுனா போடு. நீ வூடு வூடா போயி சொன்னின்னா உன் ஒருத்தியோட போவாது. மேற்கால இருந்து கீர எடுத்துக்கினு போறவங்க எல்லார் வயித்துலயும் அடிக்கிற மாதிரி ஆயிடும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சுப்ராயனும் மெதுவாகச் சொன்னான். "நிறுத்திட்டா போதுமில்ல?"

"நிறுத்துனா இனிமே திங்கறது நிக்கும்" என்றாள் ஞானாம்பாள். "தின்னது?"



மறுநாள் வெளிச்சம் வந்ததும் அவளும் சுப்ராயனுமாகக் கீரை முழுவதையும் வேரோடு பிடுங்கினார்கள். மாட்டுக்குப் போடவில்லை, எருக்குழியில் கொட்டவில்லை, எரிக்கவும் இல்லை. அனுஷியா சொன்னபடி சாக்குகளில் கட்டி ஒரு மூலையில் வைத்து மூடினார்கள். குளித்து வேறு புடவை கட்டிக்கொண்டு, வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பின்னால் சாக்கு இல்லாமல் அதே தெருக்களுக்குக் கிளம்பினாள்.

முதல் வீட்டில் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தாள். இரண்டாவது வீட்டில் வார்த்தைகள் சரியாக அமைந்தன. அதன் பிறகு நாற்பத்து மூன்றாவது வீடு வரைக்கும் ஒரே மாதிரிதான் சொன்னாள். "நான் வித்த கீரையில ஈயம் இருந்திருக்குது. எனக்குத் தெரியாது, நேத்துதான் தெரிஞ்சுது. புள்ளைங்களுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. மத்த கீரக்காரங்க மண்ணு வேற, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க." என்ன பரிசோதனை என்று அனுஷியா எழுதிக் கொடுத்த சீட்டை ஒவ்வொரு கையிலும் வைத்தாள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னொருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்குப் பொன்னாங்கண்ணி வருமா?" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவே இல்லை. ஞானாம்பாள் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். திட்டினவர்கள் உண்டு. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தவர்களும் உண்டு.

முப்பத்தோராவது வீடு ஜோசப்பின் என்ற பெண்ணுடையது. மாதா கோயிலுக்குப் பின்தெரு. பள்ளிக்கூட ஆசிரியை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ரத்தம் குறைவு, கீரை நிறைய சாப்பிடு என்று டாக்டர் சொன்னார். அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு நாள் தவறாமல் முளைக்கீரை கொண்டுவந்தவள் ஞானாம்பாள். அந்தப் பிள்ளைதான் ஏஞ்சலின். அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து அன்றைக்கு வாசலுக்கு வந்தது.

ஜோசப்பின் முழுவதையும் கேட்டாள். பிறகு வகுப்பில் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில், "நீங்க எனக்குக் குடுத்தது எந்தப் பாத்தியிலருந்து?" என்றாள்.

இந்த ஒரு கேள்விக்கு ஞானாம்பாள் பொய் சொல்லியிருக்கலாம். முக்கால் ஏக்கரில் எந்த மூலையையும் சொல்லியிருக்கலாம்.

"கொட்டகய ஒட்டுன பாத்தி, டீச்சர். அங்கதான் நல்லா வந்துச்சு. உங்களுக்குன்னு அதத்தான் எடுத்து வைப்பேன்."

ஜோசப்பின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "போங்க" என்றாள். ஞானாம்பாள் வண்டியை அந்தத் தெருவின் கோடி வரை உருட்டிக்கொண்டு போய், அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தாள். இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி இருந்தது. பன்னிரண்டுக்கும் போனாள்.

கன்னியப்பன் சொன்னதுதான் நடந்தது. அந்தப் படம் செல்போனில் சுற்றியது. ஒரு வாரம் மரக்காணத்தில் யாரும் கீரையைத் தொடவில்லை. மற்றக் கீரைக்காரிகள் அவள் வீட்டு முன்னால் வந்து வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஒருத்தி விற்காத கட்டுகளை வாசலில் வீசியெறிந்தாள். ஞானாம்பாள் அவற்றைப் பொறுக்கி, திரும்பக் கட்டி, அவளிடமே நீட்டினாள். "உன் வயல் மண்ணு ஒரு பிடி குடு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிப் பாக்கச் சொல்றேன். நல்லாருந்தா கைல பேப்பர் இருக்கும்." பதினோரு வயல்களின் மண் போனது. ஒன்பது சுத்தம். இரண்டில் ஈயம், இரண்டும் கொட்டகைக்குக் கிழக்கே. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடையில் செருகிக்கொண்டு அந்த ஒன்பது பேரும் இன்றைக்கும் விற்கிறார்கள். தாளைக் காட்டுங்கள் என்று கேட்டு வாங்குகிறார்கள் வீடுகளில்.

அனுஷியாவின் கல்லூரிக்காரர்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு முகாம் போட்டார்கள். முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயத்தின் எண் ஐந்தைத் தாண்டக் கூடாது, பதினாறு பேருக்குத் தாண்டியிருந்தது. ஏஞ்சலினுக்குப் பன்னிரண்டு. கீரை மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். புகையும் தூசியும் ஊரெல்லாம் போயிருக்கும். ஈயம் உள்ளே போவதை நிறுத்திவிட்டு, இரும்புச் சத்தும் பாலும் கொடுத்தால் மெல்ல இறங்கும் என்றார்.

எல்லோரையும்விட மேலே இருந்த எண் ஐம்பத்திரண்டு. அது கன்னியப்பனின் ஆறு வயது மகள் வர்ஷினி. கொட்டகைக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவள். அந்தக் கரிய குழிகளில்தான் சொப்பு வைத்து விளையாடியிருக்கிறாள். இரண்டு வருஷமாக வயிற்று வலி. பூச்சி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே புதுச்சேரிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்தார்கள். உடம்பிலிருந்து ஈயத்தைப் பிரித்து வெளியே இழுக்கிற மருந்து பத்தொன்பது நாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கன்னியப்பன் வரப்பில் வந்து நின்றான். "நீ மட்டும் பேசாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"சட்டையப் போட்டுக்கினு வா" என்றாள் ஞானாம்பாள். "கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும். நெலத்த வாடகைக்கு வுட்டது நீதான்னு நீயே எழுதணும், தெரிஞ்சுக்கோ."

அவனே எழுதினான். முதல் கையெழுத்தும் அவனுடையதுதான்.

அவள் ரத்தத்தையும் பார்த்தார்கள். நாற்பத்தொன்று. வயலில் வேலை செய்தால் மட்டும் இவ்வளவு வராதே என்று டாக்டர் கேட்க, வருஷக்கணக்காக மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்ததைச் சொன்னாள். விரல் நுனிகள் மரத்துப்போவதற்கும், சாவியைத் தவறவிடுவதற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. அதை அவள் பெரிதாகப் பேசுவதில்லை. கேட்டால், "நான் வளந்து முடிஞ்சவ. எனக்கு என்னா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

வயலில் இப்போது சவுக்கு நிற்கிறது. யாரும் தின்பதில்லை, கொத்தி உழ வேண்டியதில்லை, விழுந்த ஊசியிலைகள் மண்ணைப் போர்த்திக்கொண்டு தூசியைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஊருக்கு வடக்கே பன்னிரண்டு சென்ட் குத்தகைக்கு எடுத்து, மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகு, அதில் கீரை போடுகிறாள். நாற்பத்து மூன்றில் பத்தொன்பது வீடுகள் திரும்ப வாங்குகின்றன. வாங்காதவர்கள் மேல் அவளுக்குக் குறை இல்லை. அந்த வாசல்களைக் கடக்கும்போது மட்டும் வண்டியின் வேகத்தைக் குறைப்பாள்.

ஜோசப்பின் வாங்குவதில்லை. ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள், உச்சி வேளையில், அவளிடமிருந்து போன் வந்தது. ஞானாம்பாள் எடுத்து, "சொல்லுங்க டீச்சர்" என்றாள். அந்தப் பக்கம் தாள் ஒன்று புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏழு" என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான், வைத்துவிட்டாள். ஏஞ்சலினின் பன்னிரண்டு இறங்கியிருந்தது. சவுக்கங்கன்றுகளுக்கு நடுவில் ஞானாம்பாள் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த சுப்ராயனிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். அப்படி அவன் பிடித்து யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மனு மேசை மேசையாக நகர்ந்து, ஒரு வருஷம் கழித்து, போன மாதம்தான் வேலைக்கு வந்தது. கொட்டகை இருந்த இடத்தையும் அவளுடைய அந்தப் பாத்தியையும் அரை ஆள் ஆழம் தோண்டி எடுத்து, இதற்கென்று இருக்கிற பாதுகாப்பான கிடங்குக்குக் கொண்டுபோக லாரிகள் வந்தன. தோண்டுகிறவர்கள் முகமூடியும் கையுறையும் போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே தூர நின்றது. நூற்றாண்டுகள் அசையாமல் கிடக்கும் என்று சொன்ன மண் இரும்புக் கையில் ஏறி லாரிக்குள் விழுந்தது. ஞானாம்பாள் மட்டும் ஒவ்வொரு லாரியின் தார்ப்பாய் முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள். டிரைவர்கள் எரிச்சல்பட்டார்கள். கடைசி லாரிக்குப் பின்னால் தன் வண்டியில் போனாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பும்போது லாரி ஒரு மேட்டில் குலுங்கியது. தார்ப்பாயின் ஓரத்திலிருந்து ஒரு கூடை அளவு மண் சரிந்து சாலையில் விழுந்தது. லாரி போய்விட்டது. புதுச்சேரி போகிற பஸ் வந்துகொண்டிருந்தது. வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஞானாம்பாள் சாலை நடுவில் போய் இடது கையை நீட்டி நின்றாள். பஸ் அலறி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னமோ கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிப் பெட்டியிலிருந்த கையுறையை மாட்டிக்கொண்டு, அட்டையால் மண்ணை வழித்துப் பையில் போட்டாள். பஸ்ஸுக்குப் பின்னால் கார்களும் லாரிகளும் சேர்ந்துகொண்டே இருந்தன. அவள் ஒரு துணியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தத் தார்ச் சாலையை அங்குலம் அங்குலமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.